வாய்க்கால் ஓர வரிசை

தொட்டியத்துக்குத் தெற்கே, காவிரிப் படுகையை ஒட்டி முகம்மது கனி ராவுத்தர் வைத்திருந்த வாழைத் தோட்டத்தில், வாய்க்கால் கரையோரமாக நின்ற முதல் வரிசைக்கு மட்டும் ஒரு தனி வழக்கம் இருந்தது. அதில் விளைந்த தார் ஒன்றுகூட மண்டிக்குப் போகாது. மடையைத் திறந்ததும் தண்ணீர் முதலில் பாயும் வரிசை அது. ஆகவே தாரும் மற்றவற்றைவிடப் பெருத்துத் தொங்கும். மகள் ஷரபுன்னிசாவைத் திருச்சியில் கட்டிக்கொடுத்த வருஷம் ராவுத்தர் அந்த வரிசையைக் காட்டி, "இது புள்ளைக்கு" என்றார். அதற்குமேல் அவர் விளக்கவில்லை. மகளுடைய பங்கின் விளைச்சலா, பிறந்த வீட்டுச் சீரா என்று அன்று யாரும் கேட்கவில்லை. இரண்டுக்கும் இடையே ஒரு வரப்பு உண்டு என்பதே அந்தக் குடும்பத்துக்குத் தெரியாது.

கேட்டது கோர்ட்டுதான். அதற்குள் ராவுத்தர் மௌத்தாகி வெகுகாலம் ஆகியிருந்தது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொன்று. பங்குனி வெயிலில் ஷரபுன்னிசாவும் மகள் நசீராவும் பாலக்கரையிலிருந்து ஸ்ரீரங்கத்துக்கு பஸ் ஏறினார்கள். மறுநாள் ஷரபுன்னிசா சாட்சிக் கூண்டில் ஏற வேண்டும். வக்கீல் முந்தின நாளே வந்து பார்க்கச் சொல்லியிருந்தார். பாலத்தில் ஒரு மாட்டுவண்டிக்குப் பின்னால் பஸ் ஊர்ந்தது. கீழே காவிரி ஒரு ஓரமாக ஒடுங்கி, மிச்ச இடமெல்லாம் மணலாகக் கிடந்தது.

"இந்த மணல மேக்க நடந்துக்கிட்டே போனா மாமு தோட்டம் வந்துருமாம்மா?" என்று கேட்டாள் நசீரா.

"வரும். நடக்கத்தான் காலு இல்ல."

"கேசு போட்டு ரெண்டு வருஷமா கோர்ட்டுக்கு நடந்தீங்களே, அத நேரா நடந்திருந்தா இந்நேரம் போய்ச் சேந்திருக்கலாம்."

ஷரபுன்னிசா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். மகள் சொன்னதில் தப்பில்லை.

அவள் கணவர் ஹபீபுல்லா செயற்கைக் கல்லுக்குப் பட்டை தீட்டுகிறவர். அரக்கு உருக்கிக் குச்சியின் முனையில் கல்லை ஒட்டி, சுழலும் சக்கரத்தில் சாய்த்துப் பிடித்து, பட்டை பட்டையாக அதற்கு வெளிச்சத்தை உண்டாக்குவது அவர் வேலை. வாழ்நாள் முழுவதும் கடுகளவு கல்லைப் பார்த்துப் பார்த்து அவர் பார்வை மங்கியது. கண் நரம்பு பட்டுப்போய்விட்டது, இனிக் கண்ணாடி போட்டும் பயனில்லை என்று புத்தூரில் டாக்டர் சொன்ன நாளில் அவர் சக்கரத்தை நசீராவிடம் விட்டார். அன்று சாயங்காலம்தான் ஷரபுன்னிசா முதன்முதலாக அந்த வார்த்தையை எடுத்தாள்: "அத்தா நிலத்துல எனக்கு மூணுல ஒரு பங்கு உண்டு. கேக்கப்போறேன். கண்ணு போன மனுஷன் மண்ணுல உக்காந்து சாப்பிடலாம்."

ஷரீயத்துப்படி அது உண்மை. ஒரு மகன், ஒரு மகள். மகனுக்கு இரண்டு பாகம், மகளுக்கு ஒன்று. ஆனால் அவள் கேட்டது, தகப்பனார் இறந்து அடுத்த வருஷமே அண்ணன் நசுருதீன் பட்டாவைத் தன் பேருக்கு மட்டும் மாற்றிக்கொண்டு, பதின்மூன்று வருஷம் கழிந்த பிறகு.

வக்கீல் தேசிகாச்சாரியாரின் வீடு உத்தர வீதியில் இருந்தது. முன்னறையில் கறுப்புக் கோட்டு ஆணியில் தொங்க, அவர் ஈர வேட்டியோடு உள்ளே வந்தார்.

"உக்காருங்கோ அம்மா, உக்காருங்கோ. சாத்துமுறை ஆகி, தீர்த்தம் வாங்கிண்டு வரதுக்கு நாழியாயிடுத்து. பெருமாளும் வாய்தா போட ஆரம்பிச்சுட்டார்." தன் வேடிக்கைக்குத் தானே லேசாகச் சிரித்தார். வழக்குக் கட்டைப் பிரித்தார். சிரிப்பு நின்றது. "நாளைக்கு அவா வக்கீல் ஒண்ணே ஒண்ணைத்தான் பிடிச்சுண்டு தொங்குவார். பன்னெண்டு வருஷம். நான்தான் பூரா சொத்துக்கும் சொந்தக்காரன்னு ஒருத்தன் உங்களை விலக்கி வெச்சு அனுபவிச்சிண்டிருக்கான். அது உங்களுக்கும் தெரியறது. பன்னெண்டு வருஷம் நீங்க வாயைத் திறக்கலேன்னா பாத்தியதை போயிடும்."

"அண்ணன் விலக்கலீங்க. தாரு வந்துக்கிட்டுத்தான் இருந்துச்சு. நாந்தான் வேணாம்னு திருப்பிட்டேன்."

வக்கீல் பேனாவைக் கீழே வைத்தார். "எப்போ?"

"பட்டா மாறுன வருஷம்."

"என்னன்னு சொல்லித் திருப்பினேள்?"

ஷரபுன்னிசா முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டாள். தோட்டத்து ஆள் மருதை அன்று வண்டியிலிருந்து ஒரு தாரை இறக்கி நிலைப்படியில் சாய்த்திருந்தான். இரண்டாவதைத் தோளில் வைத்திருந்தான். பட்டா மாறிய செய்தி முந்தின நாள்தான் அவளுக்கு எட்டியிருந்தது. அவள் அவனை உள்ளே வர விடவில்லை. "பட்டாவுல எனக்கு இடமில்ல, தாருல மட்டும் எதுக்கு? கொண்டுபோய் அண்ணன்கிட்டயே குடு" என்றாள். அவன் இறக்கிய தாரை மறுபடி வண்டியில் ஏற்றினான்.

அந்தப் பக்கத்துக் குடும்பங்களில் ஒரு முறை உண்டு. பிறந்த வீட்டுத் தாரை வாசலோடு திருப்பியவளுக்கு, அவளாக வந்து அந்த வீட்டில் ஒரு வேளை சாப்பிடும்வரை மறுபடி அனுப்பமாட்டார்கள். அனுப்பினால், திரும்பவும் மறுத்துப் பார் என்று அவளைச் சீண்டுவதாக ஆகும். அவள் சாப்பிடப் போகவில்லை. அண்ணன் அனுப்பவில்லை. இரண்டு பேரும் முறை தவறாமல் நடந்துகொண்டார்கள். வருஷங்கள் போய்விட்டன.

இதை அவள் சொல்லி முடித்ததும் தேசிகாச்சாரியார் விசிறியால் முழங்காலைத் தட்டிக்கொண்டார்.

"அம்மா, பட்டாவுல இடமில்லேன்னு உங்க வாயாலேயே சொல்லியிருக்கேள். அன்னிலேர்ந்து கணக்கு ஓட ஆரம்பிச்சுடும். அந்தத் தாரை வாங்கி ஒரு பழத்தை வாயில போட்டுண்டு, அப்புறம் சண்டை போட்டிருந்தேள்னா கேஸ் பிழைச்சிருக்கும்."

"கோவத்துல பழம் எறங்குங்களா?"

"இறங்காது. வாஸ்தவம். ஆனா சட்டத்துக்குக் கோபம் புரியாது." கொஞ்சம் தயங்கினார். "நாளைக்குக் கேட்டா, ஞாபகம் இல்லேன்னு சொல்லிடுங்கோ. மருதைங்கறவன் அவா ஆள். அவனை அவா இன்னும் சாட்சிப் பட்டியல்ல சேர்க்கலை. ஞாபகம் இல்லேங்கறதை யாராலேயும் பொய்னு நிரூபிக்க முடியாது."

"சொல்லிருவாங்க" என்றாள் நசீரா, தாயை முந்திக்கொண்டு.

வக்கீல் கட்டை மடித்துக் கட்டும்போது, ஏதோ தோன்றி, "அந்த வரிசை இப்போ என்ன ஆச்சு?" என்றார்.

"தெரியலீங்க. பாத்து எத்தன வருஷமாச்சு."

அன்று மாலை நசீரா கருவாட்டு ஆணம் வைத்திருந்தாள். ஹபீபுல்லா தட்டின் விளிம்பைத் தடவி, சோற்றைத் தேடிப் பிசைந்தார்.

"நாளைக்கு என்ன சொல்லப்போற?"

"ஐயரு ஞாபகம் இல்லன்னு சொல்லச் சொல்றாரு."

"ஐயங்காரு. நீ அவரையும் பட்டா மாத்தி விட்டுறாத."

நசீரா சிரித்துவிட்டாள். ஷரபுன்னிசாவுக்குச் சிரிப்பு வரவில்லை. "உங்களுக்காகத்தான் இத்தன அலைச்சலும். நீங்க என்னடான்னா விளையாடுறீங்க."

"எனக்காகவா? எனக்கு உக்கார இந்த மூலை போதும். நீ கேக்குறது உனக்காக. அதுவும் நிலத்த இல்ல. பட்டாவுல உன் பேர வுட்டுட்டுப் போனாரே உங்கண்ணன், அதக் கேக்குற. கேளு. வேணாங்கல." அவர் தட்டை நகர்த்தினார். "ஆணத்துல உப்பு குறைச்சல். கண்ணுதான் போச்சு, நாக்கு போகல."

கோர்ட்டில் மின்விசிறி ஒரு பக்கமாக ஆடிக்கொண்டு சுழன்றது. நசுருதீன் பின்பெஞ்சில், மகன் காஜா மைதீனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். தாடி முழுக்க நரைத்திருந்தது. ஷரபுன்னிசா சத்தியப் பிரமாணம் எடுத்தபோது அவர் தரையைப் பார்த்தார்.

எதிர்த்தரப்பு வக்கீல் இளைஞர். குரல் மட்டும் பெரியது.

"உங்க அண்ணன் வருஷா வருஷம் உங்களுக்கு வாழைத்தார் அனுப்பினார். சரிதானே?"

"சரிங்க."

"அது உங்க மேல இருக்கிற பிரியத்துல. கூடப் பிறந்தவளுக்குச் சீர். இல்லையா?"

"வாங்கித் தின்னப்போ அதெல்லாம் கேக்கலீங்க."

"பங்குன்னு சொல்லி அனுப்பினாரா?"

"அவரு எதுவும் சொல்லி அனுப்புனதில்ல. தாருதான் வரும்."

"சரி. நாப்பத்தாறாம் வருஷம் வந்த தாரை, எனக்குப் பட்டாவில் இடமில்லைன்னு சொல்லி நீங்க திருப்பி அனுப்பினீங்க. ஞாபகம் இருக்கா?"

தேசிகாச்சாரியார் கூரையைப் பார்த்தார். நசீரா துப்பட்டா நுனியை விரலில் சுற்றி இறுக்கினாள். இரண்டு சொல் போதும். படுகையில் மூன்றில் ஒரு பங்கு அந்தச் சொற்களின் மறுபக்கம் கிடந்தது. ஷரபுன்னிசா பின்பெஞ்சைப் பார்த்தாள். அண்ணன் முதன்முறையாகத் தலையை நிமிர்த்தியிருந்தார். அவளுடைய பதிலை நீதிபதியைவிட அவர்தான் அதிகமாக எதிர்பார்த்திருந்தார் போலிருந்தது.

"ஞாபகம் இருக்குங்க" என்றாள். "திருப்பித்தான் விட்டேன்."

"அதுக்கப்புறம் நிலத்துல உங்களுக்கு எந்தச் சம்பந்தமும் இல்லை?"

"கோவம் இருந்துச்சு. அத்தா வீட்டுல இருந்து நான் எடுத்துக்கிட்டது அது ஒண்ணுதான். அதையும் இல்லன்னு சொல்லவா?"

நீதிபதி எழுதுவதை நிறுத்தினார். பின் தொடர்ந்து எழுதினார்.

வெளியே வேப்பமரத்தடியில் நசீரா அழுதாள். "ரெண்டு வார்த்தைம்மா. வாய்ல வெச்சுக் குடுத்து அனுப்பினோமே. நாளைக்கு மறுபடி அந்தச் சக்கரத்துலதானே நான் உக்காரணும்? எனக்கும் அத்தா மாதிரி கண்ணு போகணுமா?"

ஷரபுன்னிசா பக்கத்தில் உட்கார்ந்து மகளின் முதுகைத் தடவினாள். நசீரா விலகி உட்கார்ந்தாள். தேசிகாச்சாரியார் கோட்டைக் கையில் மடித்துப் போட்டுக்கொண்டு வந்து, "கேஸ் கொஞ்சம் மூச்சு வாங்கறது. போயிடலை. அடுத்தது உங்க அண்ணா கூண்டில ஏறுவார், பார்ப்போம்" என்று மட்டும் சொல்லிவிட்டு டீக்கடைப் பக்கம் போனார்.

அடுத்தது என்பது ஆறேழு மாதம் ஆனது. ஒருமுறை நீதிபதி லீவு. ஒருமுறை எதிர்த்தரப்பு வக்கீலுக்குக் காய்ச்சல். ஒருமுறை நசுருதீனுக்கே மூச்சுத் திணறல் என்று மருத்துவச் சான்று வந்தது. இடையே ஆடிக்காற்று அடித்தது. படுகையில் முட்டுக் கொடுக்காத மரங்களெல்லாம் சாய்ந்தன என்று மார்க்கெட்டில் பேசிக்கொண்டார்கள். ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஷரபுன்னிசா கஞ்சி குடித்துவிட்டு வந்து அதே வேப்பமரத்தடியில் உட்கார்ந்து, பெயர் கூப்பிட்டதும் எழுந்து நின்று, தேதி தள்ளிப்போனதும் திரும்பினாள். வரவர வழக்கின் விஷயம் மறந்து, போய் வருவது மட்டும் ஒரு வேலையாக மிஞ்சியது.

கடைசியில் ஐப்பசி மழை பிடித்திருந்த ஒரு நாள் நசுருதீன் கூண்டில் ஏறினார். தன் வக்கீல் கேட்டதற்கெல்லாம் கேட்ட அளவுக்குப் பதில் சொன்னார். பட்டா என் பேரில்தான். கிஸ்தி நான்தான் கட்டுகிறேன். தாரைத் திருப்பிய பிறகு தங்கைக்கு எதுவும் அனுப்பவில்லை. காஜா மைதீன் ஒவ்வொன்றுக்கும் தலையசைத்தான்.

தேசிகாச்சாரியார் குறுக்கு விசாரணைக்கு எழுந்தார். கேட்க அவரிடம் அதிகம் இல்லை. சர்வே எண், பயிர், பாசனம் என்று சுற்றிவந்து, உட்காருவதற்கு முன்னால், எதையும் எதிர்பார்க்காமல் கேட்டார்.

"வாய்க்கால் ஓரமா முதல் வரிசைன்னு ஒண்ணு இருந்ததே. அந்தத் தார் எல்லாம் இப்போ எந்த மண்டிக்குப் போறது?"

நசுருதீன் மகன் இருந்த பக்கம் பார்த்தார்.

"கேள்வி புரியறதோல்லியோ?"

"புரியுதுங்க. மண்டிக்குப் போகல."

"உங்க வீட்டுக்கா?"

"இல்லீங்க. அதுல ஒரு பழம் எங்க வீட்டுக்குள்ள வந்ததில்ல."

"பின்னே?"

"அத்தா மௌத்தான நாள்ல வருஷா வருஷம் பாத்திஹா ஓதுவோம். அன்னிக்குப் பள்ளிவாசல்ல வெச்சு ஏழைபாழைங்களுக்குக் குடுத்துருவேன்."

அவருடைய வக்கீல் பாதி எழுந்தார். காஜா மைதீன், "அத்தா" என்றான், சற்று உரக்கவே. டவாலிச் சேவகன் அவனை முறைத்தான்.

"தகப்பனார் பேர்லயா குடுப்பேள்?"

"இல்லீங்க. ஷரபுன்னிசா பேர்ல."

"ஏன் அவா பேர்ல?"

நசுருதீன் கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டார். ஏற்கனவே பலமுறை சொல்லிச் சலித்ததைச் சொல்வதுபோல், மெதுவாகச் சொன்னார். "வேற யாரு பேர்ல குடுக்குறது? அவளோட வரிசை அது. அவ வாங்கல. அதுக்காக அது என்னோடதாயிருமா?"

தேசிகாச்சாரியார் வேறு எதுவும் கேட்காமல் உட்கார்ந்தார்.

அந்த ஒரு பதிலின்மேல்தான் தீர்ப்பு நின்றது. பிரதிவாதியே வாதியின் உரிமையை ஆண்டுதோறும் ஒப்புக்கொண்டு வந்திருக்கும்போது, அவளை விலக்கி அனுபவித்ததாகச் சொல்ல முடியாது என்று நீதிபதி எழுதினார். மூன்றில் ஒரு பங்கு ஷரபுன்னிசாவுக்கு உரியது. காஜா மைதீன் அப்பீலுக்குத் தாள்களைத் தயாரித்துக்கொண்டு தொட்டியம் போனான். நசுருதீன் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார் என்று கேள்வி. தகப்பனும் மகனும் அன்றிலிருந்து பேசிக்கொள்வதில்லை என்றும் கேள்வி.

தீர்ப்பு வந்தால் நிலம் வந்துவிடும் என்று ஷரபுன்னிசா நினைத்திருந்தாள். நிலத்தைப் பிரிக்க வேறொரு மனு; கமிஷனரை நியமிக்க அதற்கு மேலும் வாய்தா. கோர்ட் நியமித்த கமிஷனரான ஒரு வக்கீல் அளவுச் சங்கிலியோடு தோட்டத்துக்கு வந்தபோது அறுபத்து மூன்று முடியும் தறுவாயில் இருந்தது.

ஷரபுன்னிசா மட்டும் போயிருந்தாள். ஹபீபுல்லாவால் பஸ்ஸில் அவ்வளவு தூரம் முடியாது. நசீராவால் சக்கரத்தை விட்டு வர முடியவில்லை. காலடியில் வாழைச் சருகு நொறுங்கியது. மருதை சங்கிலியின் ஒரு முனையைப் பிடித்து நடந்தான். பாதை, கிணறு, மண்ணின் தரம் எல்லாவற்றையும் ஒத்துப்பார்த்து, கமிஷனர் மேற்குப் பக்கமாக ஒரு துண்டை அவளுக்கு ஒதுக்கிக் கல் நடச் சொன்னார். நல்ல துண்டுதான், குறை சொல்ல முடியாது. வாய்க்கால் கிழக்கே இருந்தது.

நசுருதீன் ஒரு மரத்தில் சாய்ந்து, மூச்சு வாங்க நின்றிருந்தார். நடப்பட்ட கல்லுக்கு அந்தப் பக்கம் அவர். இந்தப் பக்கம் அவள்.

"வரிசை உன் பக்கம் வரல" என்றார். அத்தனை வருஷத்துக்குப் பிறகு அவளிடம் அவர் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

"பாத்தேண்ணே."

"இன்னொரு மனு போட்டா மாத்திக்கலாம்னு கமிஷனர் சொல்றாரு."

"மனுவா? வேணாம். மனுன்னாலே எனக்கு முட்டி வலிக்குது."

அவர் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்க நேரமாயிற்று. "அப்ப அது இனிமே எனக்குத்தான்."

"உங்களுக்குத்தான். கோர்ட்டே எழுதிருச்சே."

மருதை சங்கிலியைச் சுருட்டினான். இருவரும் அவன் சுருட்டி முடிப்பதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"பட்டாவுல உன் பேர ஏன் வுட்டேன்னு கேக்கமாட்டியா?"

"கேக்கத்தான் வந்தேன். இப்பக் கேட்டு என்ன ஆகப்போகுது?"

"கர்ணம் சொன்னாரு, பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு, தாருதான் போகுதேன்னாரு. நானும் சரின்னுட்டேன். அவ்வளவுதான் ஷரபு. பெருசா ஒண்ணுமில்ல."

பெரிதாக ஒன்றும் இல்லை என்பதுதான் அவளுக்கு எல்லாவற்றையும்விடக் கனமாக இருந்தது. வரப்பில் உட்கார்ந்தாள்.

"வெயில் ஏறுது. வந்து சாப்பிட்டுட்டுப் போ" என்றார் நசுருதீன்.

அவள் போனாள். அண்ணி ஷரீபா வாழைப்பூவில் கருவாடு போட்டு ஆக்கியிருந்தாள். யாரும் வழக்கைப் பற்றிப் பேசவில்லை. வேறு பேச்சும் அதிகம் இல்லை. காஜா மைதீன் வெளித் திண்ணையில் நின்று, அவள் கை கழுவும்வரை உள்ளே வரவில்லை. தனக்கு வந்த துண்டை ஷரபுன்னிசா மருதையிடமே வாரத்துக்கு விட்டாள். கண் தெரியாத மனிதரும் சக்கரத்தை விட முடியாத பெண்ணும் பாலக்கரைச் சந்திலேயே இருந்தார்கள்.

அடுத்த ஆனியில் ஒரு காலை, நசீராவின் சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தபோது, வாசலில் மருதை வந்து நின்றான். மார்க்கெட்டுக்கு வந்த லாரியில் ஏறி வந்திருந்தான். தோளில் ஒரு பூவன் தார். நிலைப்படிக்கு வெளியிலேயே நின்றான்.

"வாய்க்கா ஓரத்துதும்மா. அண்ணன் குடுத்து அனுப்புனாரு. எறக்கட்டுங்களா, வேணாங்களா?"

"ஏன் மருத, தோள்லயே வெச்சுக்கிட்டு நிக்கிற?"

"போன தடவ எறக்கிட்டுத் திருப்பி ஏத்துனேன். அப்ப வயசு இருந்துச்சும்மா. இப்ப முதுகு தாங்காது."

நசீரா சக்கரத்தை நிறுத்தி, கற்கள் வைத்த தட்டை எடுத்து ஓரமாக வைத்து, சுவரோரம் இடம் பண்ணினாள். ஷரபுன்னிசா நிலைப்படியிலிருந்து விலகி நின்றாள். மருதை உள்ளே வந்து தாரைச் சாய்த்தான். ஹபீபுல்லா பாயில் இருந்தபடியே கையை நீட்டினார். அவன் அவர் கையைப் பிடித்துத் தாரின்மேல் வைத்தான்.

அவர் ஒரு காயை இரண்டு விரலுக்கு நடுவே மெல்ல உருட்டிப் பார்த்தார். வாழ்நாளெல்லாம் கல்லின் விளிம்பைத் தடவிய விரல்கள்.

"ஓரம் இன்னும் கூரா நிக்குதே. உருளல. முத்துறதுக்கு முன்னாடியே வெட்டிட்டாரா?"

"ஆமாங்க" என்றான் மருதை. "அவருக்கு ரொம்ப முடியல. கட்டில்ல இருந்தே, வெட்டு வெட்டுன்னாரு. இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டும்னேன். கேக்கல. அவசரம்னாரு."

"அவசரமாமே" என்றார் ஹபீபுல்லா, மனைவி இருந்த திக்கைப் பார்த்து.

ஷரபுன்னிசா தாரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு உள்ளே போய்ச் சாக்கு ஒன்றைக் கொண்டுவந்து, பழுப்பதற்காக அதன்மேல் போர்த்தினாள். போர்த்திய பிறகும் கையை எடுக்கவில்லை.

"நசீரா," என்றாள், "தொட்டியத்துக்கு அடுத்த பஸ்ஸு எப்பன்னு கேட்டுட்டு வா."